தெய்வானை அக்கா என்று ஒருவர் இல்லை

வார்டு பதினேழின் தெய்வானை அக்கா என்று உலகத்தில் ஒருவரும் கிடையாது. இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அவரைப் பொருத்தியவனே நான்தான். ஆனைக்கல் நகராட்சியில் நெட்வொர்க் டெக்னீஷியன், பெயர் நாச்சிமுத்து. இந்தக் கதையில் வரும் தப்பை யார் செய்தது என்று பிற்பாடு தேடுவீர்கள் என்பதால் பெயரை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

முன்பெல்லாம் நகராட்சியில் புகார்களுக்கு இயந்திரம்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒருவர் கதறினால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று அது குழைவாகச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போடும். ஜனங்கள் பொறுத்துப் பார்த்தார்கள். ஒருநாள் அதே தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து நகராட்சி வாசலில் ஊற்றினார்கள். அடுத்த மாதமே சட்டம் வந்தது. வார்டுக்கு ஒரு மனுஷி வேண்டும், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஒரு நிமிஷம்கூட அவர் இல்லாமல் போகக் கூடாது.

மனுஷி என்றால் காய்ச்சல் வரும், கால் தடுக்கும், சொந்தக்காரர் சாவுக்குப் போக வேண்டியிருக்கும். இதற்கு எங்கள் தொழிலில் ஒரு பழைய தந்திரம் உண்டு. கம்ப்யூட்டர்களை வெளியுலகோடு இணைக்கும் பெட்டிக்கு ரவுட்டர் என்று பெயர், அது ஒன்று படுத்தால் ஆபீசே படுத்துவிடும் என்பதால் இரண்டு வைப்போம். ஆனால் இரண்டின் முகவரியையும் கம்ப்யூட்டர்களிடம் சொல்ல மாட்டோம். இரண்டுக்கும் சொந்தமில்லாத மூன்றாவது முகவரி ஒன்றைக் கற்பனையாக உண்டாக்கி அதை மட்டும் சொல்வோம். அந்தப் பெட்டிகளுக்குள் அது பெயருக்கு ஒரு வாசல். அதில் கேபிள் எதுவும் செருகியிருக்காது, ஆனால் போக்குவரத்தெல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கும். ஒரு ரவுட்டர் அந்த வாசலில் நிற்கும், மற்றது காத்திருக்கும். மூன்று விநாடிக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றுக்கொன்று 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளும். அந்தச் சொல் பத்து விநாடி வராவிட்டால் காத்திருப்பது எழுந்து வாசலுக்கு வந்துவிடும். ஆள் மாறியது கம்ப்யூட்டர்களுக்குத் தெரியவே தெரியாது.

நகராட்சி இதையே மனிதர்களுக்குச் செய்தது. தெய்வானை அக்கா என்பது அந்தக் கற்பனை முகவரி. அவருக்கென்று ஒரு குரலை இயந்திரத்தில் செய்து வைத்திருந்தோம், யார் பேசினாலும் அந்தக் குரலில்தான் வெளியே வரும். வாசலில் நின்றவர் மரகதவல்லி. ஐம்பத்திரண்டு வயது, கீழ்வீதியில் வீடு. ராகிக்களி கிண்டிக்கொண்டே கால்வாய் அடைப்பைத் தீர்த்து வைப்பார். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை. காத்திருந்தவர் ஆறுச்சாமி, முன்னாள் பஸ் கண்டக்டர், ஊரின் மறுகோடியில் இருக்கிறார். தினமும் ஆறு மணிக்குக் குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். வாசலுக்கு வர நேர்ந்தால் பாதிப் பேச்சிலிருந்து தொடர வேண்டுமே என்பதற்காக எல்லா அழைப்பும் அவர் காதிலும் விழும். மாலை ஆறுக்கு எழுந்திருப்பார். ஆறு வருஷத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. அது கட்டியிருப்பவர் விழித்திருக்கிறார், நலமாக இருக்கிறார் என்று பார்த்து மற்றவர் பட்டைக்குச் சொல்லும். சொன்னது அங்கே தோலில் ஒரு சின்னத் தட்டலாக விழும். மூன்று விநாடிக்கு ஒரு தட்டல். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் சொந்த நாடி மாதிரி ஆகிவிடும் என்றார்கள். இருவரும் சந்திக்கக் கூடாது. ஒரே மின்கம்பத்திலிருந்து கரண்ட் வாங்கக் கூடாது, ஒரே பஸ்ஸில் ஏறக் கூடாது, ஒரே கல்யாணத்தில் சாப்பிடக் கூடாது. பாயசம் கெட்டுப்போயிருந்தால் ஒரே நாளில் இருவரும் படுத்துவிடுவார்கள் அல்லவா. இருவரையும் அறிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே, மறு செவ்வாய்க்கிழமை இங்கே, பட்டை சோதிக்கப் போவேன்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைநகரத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பதினைந்தாம் தேதி தணிக்கை. ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட எழுந்து வராத ஸ்டாண்ட்பை, அதாவது காத்திருப்பவர், நீக்கப்படுவார், அவர் இடத்தில் இயந்திரம் வைக்கப்படும். ஒரே மாதத்தில் இரண்டுமுறை தட்டல் நின்று ஆள் மாறினால் அது நிலையில்லாத ஜோடி, இருவருமே நீக்கப்படுவர். முதல் ஆள் திரும்பி வந்து தன் இடத்தை எடுத்துக்கொள்வது கணக்கில் வராது. தணிக்கை முடியும்வரை டெக்னீஷியன் கணினியின் அமைப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறுச்சாமி வீட்டில் காபி வந்தது. கூடவே முறுக்கும் வந்தது. ஏதோ இருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் தம்பி, அந்தம்மாளுக்குக் காய்ச்சல் கீச்சல் எதும் வராதுங்களா?"

"எந்தம்மாங்ணா?"

"சும்மா இருங்க. கொரல மாத்துனா பேசற நாயம் மாறிப் போயிருமா? சாக்கடை அடைச்சுக்கிச்சுன்னு சொல்றவன்கிட்ட, 'மொதல்ல சாப்பிட்டீங்களா'ன்னு எந்த ஆம்பளை கேப்பான்? ஒரு மணி நேரம் அவிய படுத்தாப் போதும். நான் எந்திரிச்சு வந்ததா ஒரு கணக்கு ஆயிரும்."

"சம்பளத்துக்குங்களா?"

"சம்பளம் போனாப் போகுது தம்பி. பென்சன் வருது." மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எம்பட ஊட்டுக்காரி போயி எட்டு வருசம் ஆச்சு. மொத ரெண்டு வருசம் இந்த ஊட்டுல ஆரும் என்னைய ஒண்ணுங் கேக்கலை. அப்பறம் இதைக் கட்டி உட்டீங்க. காத்தால ஆறு மணிக்கு ஒருத்தரு 'இருக்கேன்'ங்கறாங்க. நானும் 'இருக்கேன்'ங்கறேன். அதை மெசினுகிட்டச் சொல்லச் சொல்றீங்களா?"

முறுக்கைச் சாப்பிட்டுவிட்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதியை மீறி மரகதவல்லியிடம் போய்ச் சொன்னேன். அவர் தோசையைத் திருப்பிப் போட்டார்.

"எனக்குக் காய்ச்சல் வந்து பதினோரு வருசம் ஆச்சுங்க தம்பி. வான்னு கூப்புட்டா வந்துருமா?"

"பட்டையைக் கழட்டி வெச்சாலே போதுங்க்கா. ஒரு மணி நேரம்."

"கடவாப்பல்லு ஒண்ணு ரெண்டு வருசமா வலிக்குது. லீவு போடோணுமேன்னு புடுங்காம வெச்சிருக்கேன். அதைப் புடுங்கீட்டு வந்தர்றேன்." பிறகு கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. அவிய பேசுனா என்ர சனம் கண்டுபுடிச்சிரும். கொரலு ஒண்ணா இருந்தா ஆச்சா? 'தெய்வானை, உனக்கு என்னம்மா ஆச்சு'ன்னு கேப்பாங்க, பாருங்க."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பட்டையைக் கழற்றினார். நான் ஆபீஸ் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விநாடியில் ஆறுச்சாமியின் பெயர் 'காத்திருப்பு' என்ற கட்டத்திலிருந்து 'செயலில்' என்ற கட்டத்துக்கு நகர்ந்தது. முதல் அழைப்பே ராக்கியண்ணன். அடுத்த வீட்டு முருங்கைமரம் தன் கூரையில் சாய்கிறது என்று ஆறு வருஷமாகத் தினமும் புகார் சொல்பவர். மரகதவல்லி அதைத் தினமும் பதிவு செய்து, தினமும் ஆறுதல் சொல்வார்.

"தெய்வானை, அந்த மரம் இன்னிக்கும்..."

"காயி எப்படிங்க, முத்தீருச்சா?" தெய்வானை அக்காவின் குரலில் ஆறுச்சாமி கேட்டார்.

"என்னது?"

"உங்க கூரை மேல தொங்குறதைப் பறிச்சு ஒரு கொழம்பு வெய்யுங்க. வெச்சு அந்தூட்டுக்கு ஒரு கிண்ணம் குடுத்தனுப்புங்க. மரத்தை வெட்டறதா கொழம்பா, அவிய முடிவு பண்ணட்டும்."

ராக்கியண்ணன் சிரித்தார். ஆறு வருஷப் புகார் அன்றோடு முடிந்தது. ஆறுச்சாமி அந்த ஒரு மணி நேரத்தில் பதினோரு பேரிடம் பேசினார். அடக்கி வைத்த பேச்சு அணை திறந்த மாதிரி வந்தது, நானே இரண்டுமுறை வாய்விட்டுச் சிரித்தேன்.

பதினொன்று ஐந்துக்கு மரகதவல்லி என் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, பட்டையைக் கட்டீட்டேன். காதுல எல்லாம் கேக்குது. நான் பேசறது ஆருக்கும் கேக்க மாட்டீங்குது."

திரையைப் பார்த்தேன். 'காத்திருப்பு' கட்டத்தில் மரகதவல்லி இருந்தார்.

"அக்கா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங்க."

"ஆரு பண்ணுனது?"

"ஆறு வருசத்துக்கு முன்னாடி பண்ணுனதுங்க."

"எப்பன்னு கேக்கலை."

"நான்தாங்க்கா." மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். "மொத ஆளு திரும்பி வந்தா எடத்தைக் குடுத்துரோணும்னு ஒரு வரி எழுதோணும். நான் எழுதலை. எங்க தொழில்ல ஒரு பழக்கம்ங்க. ஓடீட்டு இருக்கறதைத் தொடாதேம்பாங்க. ஒருக்கா மாறுனா மாறுனதாவே இருக்கட்டும், திரும்ப மாத்துனா இன்னொரு பத்து விநாடி வீணாப் போகும்னு உட்டுருவோம். நல்ல டெக்னீஷியன் எல்லாருமே அப்படித்தான் செய்வாங்க."

"நல்ல டெக்னீஷியன். செரி, இப்ப எழுதுங்க."

"பதினஞ்சாந் தேதி வரைக்கும் அமைப்பைத் தொடக் கூடாதுங்க்கா."

நான் சொல்லாமலே அவர் கணக்குப் போட்டுவிட்டார். இப்போது ஸ்டாண்ட்பை அவர்தான். ஆறு வருஷம் ஒருநாள் விடாமல் வாசலில் நின்றவர், ஆகவே ஒருமுறைகூட காத்திருந்து எழுந்து வந்தவர் அல்ல. சுற்றறிக்கைப்படி நீக்க வேண்டியது அவரைத்தான். ஆறுச்சாமி பட்டையைக் கழற்றி இடத்தைக் கொடுக்கலாம் என்றால் அது இந்த மாதத்தின் இரண்டாவது மாற்றம், இருவருமே போவார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்குகூடச் சரியாக வரவில்லை.

நான்காம் நாள் கீழ்வீதிக்குப் போனேன். அடுப்பு எரியவில்லை. மரகதவல்லி காதில் கருவியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றுதான்.

"ஒருத்தருங் கேக்கலை தம்பி," என்றார். "நாலு நாளாச்சு. இருநூறு பேருக்கு மேல பேசீட்டாங்க. ஒருத்தருகூட 'நீ ஆரு'ன்னு கேக்கலை. ரெண்டு பேரு, 'இப்பத்தான் தெய்வானை நல்லாச் சிரிக்கறே'ன்னாங்க."

"குரலு ஒண்ணுதானுங்க்கா, அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கறேன்." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், யாரோ அங்கே தண்ணீர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் போல. "அந்த முருங்கைமரத்துக்காரரு இனிக் கூப்பட மாட்டாரு. அவருக்கு மரமா பிரச்சனை? தெனமும் ஒருத்தருகிட்டப் பேசோணும், அதுக்கொரு மரம். நான் அது தெரிஞ்சுதான் தீத்து வெக்காம உட்டு வெச்சிருந்தேன். ஆனா அவிய பேசறது தப்புன்னு சொல்ல மாட்டேன். நல்லாத்தான் பேசறாங்க. அதுதான் வலிக்குது."

ஆள் மாறியது யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் பெருமை. புதுப் பையன்களுக்கு அதை மார்தட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மாற்றப்பட்டவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறுச்சாமி அதைவிட மோசமாக இருந்தார்.

"எனக்கு வேண்டாம் தம்பி. அடுத்தவிய எடத்துல உக்காந்து நாயம் பேசீட்டு இருக்கேன். தட்டறாங்க பாருங்க, இப்பவும். இத்தனைக்கப்பறமும் மூணு விநாடிக்கு ஒருக்கா 'இருக்கேன்'ங்கறாங்க. எனக்குத் தொண்டையில சோறு எறங்கலை."

"கழட்டீராதீங்ணா. ரெண்டு பேரும் போயிருவீங்க."

"வேற வழி?"

வழி ஒன்று இருந்தது. எங்கள் தொழிலில் அதை வாய்விட்டுச் சொல்லவே கூசுவோம். அமைப்பைத் தொடக் கூடாது என்றுதான் சுற்றறிக்கை சொன்னது. கேபிளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தட்டல் போற ஒயரு தனிங்ணா. அதை நான் புடுங்கீட்டேன்னு வெச்சுக்குங்க. பத்து விநாடியில அந்தம்மா நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சு வாசலுக்கு வந்துரும். நீங்க அவிய போயிட்டாங்கன்னு நெனச்சு வாசலை உட்டு நகர மாட்டீங்க. ரெண்டு பேரும் 'செயலில்'. ஆரும் எறங்கலை, அதனால இது ஆள் மாறுன கணக்குலயும் வராது."

"அப்ப ஸ்டாண்ட்பை ஆரு?"

"ஆருமில்லை. இல்லாத ஆளை எப்படி நீக்குவாங்க?"

ஆறுச்சாமி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "தட்டலு?"

"நின்னு போயிருங்ணா."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலீங்க."

அவர் பட்டையின் மேல் மறுகையை வைத்து மூடிக்கொண்டார். "புடுங்குங்க," என்றார். மரகதவல்லியிடம் சொன்னபோது அவருக்கும் அதே கேள்வி வந்தது. அதே பதிலைச் சொன்னேன். தட்டல் நின்றால் தனக்கொன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்தார்.

பதினைந்தாம் தேதி காலை, தணிக்கை அதிகாரி இன்பசேகர் காரிலிருந்து இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு கேபிளைப் பிடுங்கினேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து திரையை மேலும் கீழும் தள்ளினார்.

"என்னங்க இது? காத்திருப்போர் கட்டத்துல பேரே காணோம்."

"காத்திருக்கறவங்க யாரும் இல்லீங்க சார். ரெண்டு பேருமே வேலை செய்யறாங்க."

"அதெப்படி முடியும்? நடுவுல இருக்கற கேபிள் என்ன ஆச்சு?"

"எலிங்க சார்."

"எலி கடிச்சா இவ்வளவு நேராவா இருக்கும்?"

"நகராட்சி எலிங்க சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு வார்டு எண்ணுக்கே அழைத்தார்.

"வணக்கம், தெய்வானை பேசறேன்," என்றது குரல். "வணக்கம், தெய்வானை பேசறேன்," என்றது அதே குரல், அரை விநாடி தள்ளி. இரண்டும் சட்டென்று நின்றன. ஒருவர் பேசட்டும் என்று மற்றவர் காத்திருந்தார். காத்திருந்து பார்த்து இருவரும் மறுபடி ஒன்றாகத் தொடங்கினார்கள். "நீங்க சொல்லுங்க," என்றன இரண்டு தெய்வானைகளும் ஒரே நேரத்தில். குறுகிய சந்தில் எதிரெதிரே வந்தவர்கள் ஒரே பக்கம் ஒதுங்குவதைப் போல இருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அதிகாரி விடவில்லை. "எங்கம்மா மயக்கம் போட்டுட்டாங்க. நகராட்சி ஆபீஸ்ல இருந்து பேசறேன்," என்று ஒரு பொய்யைப் போட்டார்.

அந்த நொடியில் எல்லாம் மாறிவிட்டது. "அம்மாவை ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. நாக்கு உள்ள போயிருக்கா பாருங்க," என்றது ஒரு குரல். அது மரகதவல்லி என்று எனக்குத் தெரியும். "அம்மிணி, நீங்க அவருகூடப் பேசீட்டே இருங்க. நான் ஆம்புலன்ஸைக் கூப்படறேன்," என்றது மற்றது. "செரிங்க," என்றார் மரகதவல்லி. ஆறு வருஷத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அதிகாரி இது சோதனை என்று சொல்லி முடிப்பதற்குள் ஆறாவது நிமிஷம் ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு மேலே வந்து மயக்கம் போட்ட அம்மா எங்கே என்று கேட்டார்கள். இன்பசேகர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவர் மறுபடி என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரே ஆளா இருந்தா என்கிட்ட பேசறதை நிறுத்திட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிடணும், இல்லையா?"

"ஆமாங்க சார்."

"ரெண்டு பேரும் இருக்கட்டும். ஆனா ஒரே லைன்ல ரெண்டு பேர் பேசற கூத்து வேணாம். வார்டை ரெண்டாப் பிரிச்சிடலாம். கிழக்குக்கு ஒருத்தர், மேற்குக்கு ஒருத்தர். ஆளுக்கொரு ஸ்டாண்ட்பை, அது ரெண்டும் இயந்திரம். மனுஷனுக்காக மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்கறது இனி கிடையாது." மனிதர் நியாயமானவர்தான், நான் மறுத்துப் பேசவில்லை.

புதிய ஆணையில் கையெழுத்துப் போட இருவரையும் ஒரே நாளில் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நான் தாழ்வாரத்துக்கு வந்தபோது இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரின் சொந்தக் குரலை மற்றவர் அதுவரை கேட்டதில்லை.

"ஏனுங்க, கையெழுத்துப் போடற ரூமு எதுங்க?" என்று மரகதவல்லி கேட்டார்.

"தெரியலீங்க அம்மிணி. நானும் அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்," என்றார் ஆறுச்சாமி.

அவ்வளவுதான் பேச்சு. சந்திக்கக் கூடாது என்ற விதி அன்றோடு போயிருந்தது, நான் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோது ஆறுச்சாமியை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்தபோது மரகதவல்லியைக் கூப்பிட்டார்கள், ஆறுச்சாமியின் பஸ்ஸும் வந்துவிட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தும், இரண்டு பேரும் கும்பிடாமலே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பத்து நாள் கழித்து என் மேஜைக்கு இரண்டு புகார் வந்தன. ஒன்று கிழக்கிலிருந்து, ஒன்று மேற்கிலிருந்து. பட்டை சரியில்லை என்று இரண்டிலும் எழுதியிருந்தது. மீட்டரை எடுத்துக்கொண்டு முதலில் கீழ்வீதிக்குப் போனேன். மூன்று விநாடிக்கு ஒரு தட்டல். இப்போது தட்டச் சொல்வது இயந்திரம், ஆனாலும் அழுத்தம், நேரம், நீளம் எல்லாம் அப்படியே. ஆறு வருஷப் பழைய பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"நல்லாத்தான் இருக்குதுங்க்கா."

"தட்டுது. ஆனா ஆரும் இல்லை," என்றார் மரகதவல்லி.

"மீட்டர்ல ரெண்டும் ஒண்ணுதாங்க்கா. அப்பவும் பட்டையிலிருக்கற மோட்டார்தான் தட்டுச்சு, இப்பவும் அதே மோட்டார்தான் தட்டுது."

"வார்டுல ஒருத்தருக்கும் என்னைய அடையாளந் தெரியலை. அது எனக்குப் பொறுத்துப் போச்சு. அதுக்காக எனக்கும் ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லாதீங்க."

ஆறுச்சாமி வீட்டிலும் மீட்டர் அதையே சொன்னது, அவரும் அதையே சொன்னார். இந்த முறை முறுக்கு வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இருபது வருஷமாக மீட்டரை நம்பிப் பிழைப்பவனிடம் வந்து, மீட்டரில் வராத ஒன்று இருக்கிறது என்கிறார்களே. நிரூபித்துக் காட்டி இவர்கள் வாயை மூட வேண்டும் என்று முடிவு செய்தேன். தணிக்கை முடிந்துவிட்டதால் இப்போது அமைப்பை நான் தொடலாம்.

மறுநாள் காலை பதினொன்று இருபதுக்கு, யாரிடமும் சொல்லாமல், என் மேஜையில் இருந்தபடியே இரண்டு இயந்திரங்களையும் கழற்றிவிட்டு இருவரையும் குறுக்காகக் கோத்தேன். கிழக்குக்கு மரகதவல்லி முதல், ஆறுச்சாமி காத்திருப்பு. மேற்குக்கு ஆறுச்சாமி முதல், மரகதவல்லி காத்திருப்பு. ஆளுக்கொரு பாதியில் வேலை, மறுபாதிக்குத் துணை. சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று ஒருவரும் இல்லை, இன்பசேகரே குறை சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் இதுவும் பழைய வழக்கம்தான். இதை முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

பட்டையில் விளக்கு எரியாது, சத்தம் வராது. மூன்று விநாடி அதே மூன்று விநாடி. மீட்டரைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன், கோடு ஆடாமல் அசையாமல் போனது. மாலை ஆறு வரை இருவரும் ஒன்றும் சொல்லாவிட்டால் இயந்திரத்தையே திரும்ப மாட்டிவிட்டு, புகாரைப் பொய் என்று எழுதி மூடிவிடுவேன். பேனாவைக்கூட எடுத்து வைத்தேன்.

பதினொன்று இருபத்தொன்றுக்கு என் போன் அடித்தது. மரகதவல்லி.

"தம்பி, அவிய பேரு என்னங்க?"

"எவிய பேருங்க்கா?" என்றேன்.

"தெரியாதாட்டப் பேசாதீங்க. இப்ப வந்தாங்கல்ல."

காத்திருப்பவர் பெயரைச் சொல்வது விதிப்படி குற்றம். மீட்டரை அணைத்தேன்.

"ஆறுச்சாமிங்க்கா."

"ஆறுச்சாமி," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார் அவர். என் இன்னொரு லைனிலும் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது, மேற்கிலிருந்து.